அலையில் ஒரு நிமிடம், தரையில் முப்பது நிமிடம்: சர்ஃப்ஸ்கேட் வாங்குமுன் ஒரு கணக்கு

ஒரு மணி நேரம் கடலில் இருக்கும் அலைச்சறுக்கு வீரர் எத்தனை நிமிடம் பலகைமேல் நிற்கிறார்? உலகத் தரப் போட்டியாளர்களைப் பின்தொடர்ந்து மெண்டெஸ்-வில்லனுவேவா, பிஷப், ஹாமர் ஆகிய மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. கைகளால் நீரைத் தள்ளிக்கொண்டு போனது சுமார் 51 சதவீதம். அசையாமல் காத்திருந்தது சுமார் 42 சதவீதம். அலைமேல் ஓடியது 3.8 சதவீதம். பிறகு 2012இல் ஃபார்லி குழுவினர் நியூசிலாந்தில் போட்டியாளர்களை அளந்தபோது அந்தக் கடைசி எண் 8 சதவீதமாக இருந்தது. 60 நிமிடத்தில் 3.8 சதவீதம் என்பது 2 நிமிடம் 17 நொடி. 8 சதவீதம் என்பது 4 நிமிடம் 48 நொடி.

இவர்கள் தேர்ந்த போட்டியாளர்கள், எந்த அலை உடையும் என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள். சென்னையிலிருந்து ஞாயிறு விடிவதற்குள் கிளம்பி, ஈ.சி.ஆர். வழியாக 40 கிலோமீட்டர் ஓட்டி, கோவளத்தில் இறங்கும் நம்மைப் போன்றவர்களின் கணக்கு இதைவிட மெலிந்தது. (கேரளக் கோவளம் அல்ல, முட்டுக்காட்டைத் தாண்டி வரும் நம் கோவளம்.) 90 நிமிட வகுப்பில் ஒரு புதியவருக்கு 12 அலைகள் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் 5 நொடி நின்றார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 நொடி. அலைக்கு ஒரு திருப்பம் செய்தார் என்று கொண்டால் 12 திருப்பங்கள். அடுத்த ஞாயிறுவரை அவ்வளவுதான். வீணை கற்க வாரத்துக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் விரல் எப்படிப் பழகும்?

இனித் தரைக் கணக்கு. அலைச்சறுக்கின் திருப்பங்களைத் தரையில் பழக உதவும் சக்கரப் பலகைதான் சர்ஃப்ஸ்கேட். 20 மீட்டர் நீளமுள்ள சிமெண்டுத் தளத்தில் நான்கு இடங்களில் சாக்பீஸால் குறி போட்டுக்கொள்கிறோம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 10 நொடி. கோடியில் வளைந்து அப்படியே திரும்பி வரலாம். 45 நிமிடப் பயிற்சியில் ஓய்வு போக 30 நிமிடம் உருண்டால் 180 நடை, நடைக்கு 4 வீதம் 720 திருப்பங்கள். தடுமாறியது, நின்றது, பாதியில் இறங்கியது என்று சரிபாதியைக் கழித்தாலும் 360 மிஞ்சும். கடலில் 12, தரையில் 360. ஒன்றுக்கு முப்பது. சர்ஃப்ஸ்கேட் வாங்க நினைப்பவர் மனதில் நிற்க வேண்டிய முதல் எண் இதுதான். எந்தப் பலகை இந்த 360 திருப்பங்களையும் கடலில் செய்யும் அதே உடம்பால் செய்யவிடுகிறதோ, அதுவே நல்ல பலகை. நிறம், பெயர், விலை எல்லாம் அதற்கு அப்புறம்.

சாதாரண ஸ்கேட்போர்டுக்கும் சர்ஃப்ஸ்கேட்டுக்கும் வித்தியாசம் முன் டிரக்கில் இருக்கிறது. சக்கரங்களைப் பலகையோடு பிணைக்கும் உலோக அச்சுத் தொகுதியைத்தான் டிரக் என்கிறோம். சாதாரண டிரக் பலகை சாயும் பக்கம் கொஞ்சம் திரும்பும், அவ்வளவே. சர்ஃப்ஸ்கேட்டின் முன் டிரக் சாய்வதோடு நில்லாமல் பக்கவாட்டிலும் ஊஞ்சல்போல் வீசும். பின் டிரக் கிட்டத்தட்ட நேராகவே நின்று, அலைப்பலகையின் அடியில் இருக்கும் ஃபின்னைப் போல வாலைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் கால் தரையில் படாமலேயே, தோளையும் இடுப்பையும் திருப்பி, முழங்காலை மடக்கி நீட்டி, சமதளத்தில் வேகம் எடுக்க முடிகிறது. இதைத்தான் பம்ப் செய்வது என்கிறார்கள்.

கடலிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து கடலுக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் பழையது. ஸ்கேட்போர்டே 1950, 60களில் கலிஃபோர்னியாவில் அலையில்லாத நாட்களின் பொழுதுபோக்காக வளர்ந்ததுதான். களிமண் கலவைச் சக்கரங்கள் சிறு கல் தட்டினாலே நின்றுவிடும். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் சக்கரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஹவாய் வீரர் லாரி பெர்டில்மன் அலையில் கையை ஊன்றித் திரும்புவதைப் பார்த்து, அதையே வெனிஸ், சாண்டா மோனிகா பையன்கள் சிமெண்டில் செய்தார்கள். அதே வெனிஸ் பகுதியில் 1990களின் நடுவில் கிரெக் ஃபால்க்கும் நீல் கார்வரும் வீசித் திரும்பும் முன் டிரக்கைச் செய்து பார்த்தார்கள். அதிலிருந்து வந்தது கார்வர் நிறுவனம். பிறகு ஆஸ்திரேலியாவின் ஸ்மூத்ஸ்டார், ஸ்பெயினின் யோ என்று வரிசை நீண்டது. கொரோனாக் காலத்தில், 2021இன் தொடக்கத்தில், தாய்லாந்தில் இது பெரும் மோகமாகவே பரவியது.

இனி அளவுகள். விளம்பரங்களில் பெரிதாகத் தெரியும் எண் பலகையின் நீளம்: 29, 31, 33, 34 அங்குலம். அதைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம். பார்க்க வேண்டியது வீல்பேஸ். முன் டிரக்கின் உள்பக்கத் திருகுத் துளைக்கும் பின் டிரக்கின் உள்பக்கத் திருகுத் துளைக்கும் இடையே உள்ள தூரம் அது. பெரும்பாலான சர்ஃப்ஸ்கேட்டுகளில் இது 15 முதல் 20 அங்குலத்துக்குள் இருக்கும். உங்கள் முன்கால் முன் டிரக்கின் திருகுகளுக்கு அருகிலும், பின்கால் பின் டிரக்கின் மேலும் இருந்தால்தான் பலகை சொன்னபடி கேட்கும். ஆகவே வீல்பேஸ் உங்கள் கால்களின் இடைவெளியோடு ஒத்துப்போக வேண்டும்.

என் உயரம் 164 செ.மீ. முதலில் நான் வாங்கியது 20 அங்குல வீல்பேஸ் உள்ள பெரிய பலகை. பெரியதாக இருந்தால் நிலையாக நிற்கலாம் என்பது கடைக்காரர் சொன்ன நியாயம், எனக்கும் அது சரியாகவே பட்டது. 20 அங்குலம் என்பது 50.8 செ.மீ. கண்ணை மூடிக்கொண்டு ஒரு துள்ளுத் துள்ளி, அலையில் நிற்பதுபோல் தரையில் இறங்கி, இரண்டு பாதங்களின் நடுவிலிருந்து நடுவரை அளந்தபோது எனக்கு வந்தது 44 செ.மீ. கிட்டத்தட்ட 7 செ.மீ. அதிகமாகக் காலை அகட்டி நான்கு மாதம் பயிற்சி செய்திருக்கிறேன். கால் அகன்றால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், பின் முழங்கால் உள்ளே வராது, தோள் மட்டும் தனியே சுழலும். கடலுக்குப் போனபோது அந்த அகட்டலும் கூடவே வந்தது. தரையில் 360 முறை தவறாகச் செய்தால் தவறும் 360 முறை பழகும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இதை இங்கே இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

திருப்பத்தின் ஆரமும் வீல்பேஸோடு நேராகக் கூடும். டிரக் திரும்பும் கோணம் ஒன்றேயானால், 16 அங்குலத்திலிருந்து 18க்குப் போகும்போது வட்டம் 12.5 சதவீதம் பெரிதாகும். 20க்குப் போனால் 25 சதவீதம். சிறிய அலையில் சட்டென்று திரும்பப் பழகுபவருக்குக் குறுகிய வீல்பேஸ் ஏற்றது. நீளப் பலகையில் அகலமாகக் கோடு இழுப்பவருக்கு நீண்டது சரி. தோராயமாக நான் பின்பற்றும் அட்டவணை இது:

150 செ.மீ. உயரம்: 15.5 முதல் 16.5 அங்குலம்
160 செ.மீ. உயரம்: 16 முதல் 17 அங்குலம்
170 செ.மீ. உயரம்: 17 முதல் 18 அங்குலம்
180 செ.மீ. உயரம்: 18 முதல் 19 அங்குலம்

அரை அங்குலம் முன்பின் ஆகலாம். உயரத்தைவிடத் துள்ளி அளந்த எண்ணையே நம்புங்கள். இந்தப் பலகைகளில் பல, நம்மைவிட உயரமான நாட்டுக்காரர்களின் உடம்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நடுத்தர அளவு என்று அவர்கள் எழுதியிருப்பது நம்மில் பலருக்குப் பெரிய அளவு.

அடுத்தது டிரக்கின் வகை. இரண்டு குடும்பங்கள் உண்டு. ஸ்பிரிங் உள்ளவை ஒன்று: கார்வரின் சி7, ஸ்மூத்ஸ்டார், யோ முதலியவை. ஸ்பிரிங் இல்லாமல் ரப்பர் போன்ற புஷிங்கை மட்டும் நம்பி இயங்குபவை இன்னொன்று: கார்வரின் சிஎக்ஸ் இதற்கு உதாரணம். முதல் வகை உயரமானது, கனமானது, ஆழமாகச் சாயும், மெதுவாகவும் முழு உடம்போடும் திரும்ப வைக்கும். இரண்டாவது தாழ்வானது, எடை குறைந்தது, காலால் தள்ளிக்கொண்டு தெருவில் போகவும் வசதி. அலைப் பயிற்சிக்கு மட்டும் என்றால் என் ஓட்டு ஸ்பிரிங்குக்கு. தெருவில் போய்வரவும் வேண்டும், ஒரே பலகைதான் வாங்க முடியும் என்றால் சிஎக்ஸ் வகை.

ஸ்பிரிங்கை மிகவும் தளர்த்திவிட்டால் கணுக்காலை மட்டும் ஆட்டியே வேகம் எடுத்துவிடலாம். பார்க்க அழகாக இருக்கும், உற்சாகமாகவும் இருக்கும். ஆனால் அலையில் கணுக்கால் ஆட்டலுக்கு நீர் மசியாது. அங்கே முழங்கால் மடங்கி, பார்வை முதலில் திரும்பி, தோள் பின்தொடர்ந்து, கடைசியில்தான் பலகை வர வேண்டும். ஆகவே ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கி, உடம்பு உழைக்கும்படி வையுங்கள். வாங்கும்போது இன்னொரு சோதனை: பலகையைக் கவிழ்த்து முன் அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் வீசலாம், மேலும் கீழும் லொடலொடக்கக் கூடாது. நண்பர் ஒருவர் மலிவாக வாங்கிய நகல் பலகையில் மூன்றே மாதத்தில் அந்த லொடலொடப்பு வந்தது. அதன் பிறகு பலகை நேர்கோட்டிலேயே நிற்கவில்லை.

பழைய ஸ்கேட்போர்டு வீட்டில் கிடந்தால், அதன் முன் டிரக்குக்கும் பலகைக்கும் நடுவே பொருத்தும் அடாப்டர் ஒன்றை வாட்டர்போர்ன் நிறுவனம் விற்கிறது. முழுப் பலகையின் விலையில் சிறு பகுதிதான். ஆனால் சாதாரண ஸ்கேட்போர்டின் வீல்பேஸ் 14, 14.5 அங்குலம்தான். சிறுவர்களுக்குப் பொருந்தும், பெரியவர்களுக்குக் கால் நெருக்கும். 16, 17 அங்குலம் உள்ள பழைய குரூசர் பலகை (தெருவில் போய்வருவதற்கான ஸ்கேட்போர்டு) இருந்தால் அடாப்டர் நல்ல வழி.

சக்கரத்துக்கு இரண்டு எண்கள். ஒன்று விட்டம், மில்லிமீட்டரில். மற்றது கடினம், ஏ என்ற அளவுகோலில். எண் குறையக் குறைய மென்மை கூடும். வித்தை காட்டும் ஸ்கேட்போர்டுகளில் 52 மி.மீ., 99ஏ சக்கரங்கள் வழக்கம். சர்ஃப்ஸ்கேட்டில் 65 முதல் 70 மி.மீ., 78ஏ முதல் 82ஏ வரை. ஒரு கிலோமீட்டர் போக 52 மி.மீ. சக்கரம் 6,121 முறை சுற்ற வேண்டும், 70 மி.மீ. சக்கரம் 4,547 முறை சுற்றினால் போதும். அதைவிட முக்கியம், பெரிய மென்சக்கரம் பேவர் பிளாக் இடுக்கையும் உதிர்ந்த ஜல்லியையும் விழுங்கிக்கொண்டு போய்விடும். நம் ஊர்த் தளங்களுக்கு 70 மி.மீ., 78ஏ. மழமழவென்ற உள்ளரங்கம் கிடைத்தவர்கள் மட்டும் 65க்கு இறங்கலாம். பெரிய சக்கரம் ஆழ்ந்த சாய்வில் பலகையின் அடியில் உரசிச் சட்டென நின்றுவிடும் ஆபத்து உண்டு. இருபுறமும் முழுக்கச் சாய்த்துப் பாருங்கள். உரசினால் டிரக்குக்கும் பலகைக்கும் நடுவே 6 மி.மீ. தடிமனில் ரைசர் அட்டை வைத்தால் பெரும்பாலும் தீரும்.

பேரிங் விஷயத்தில் பணத்தைக் கொட்ட வேண்டாம். எல்லாமே 608 என்ற ஒரே அளவு: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு வேண்டும். பேரிங் கடைகளிலேயே கிடைக்கும். கடலோரத்தில் உருட்டுபவர்களுக்கு எப்படியும் மணலும் உப்புக் காற்றும் அவற்றைத் தின்றுவிடும்.

தளத்தைத் தேர்வதில் காட்டும் கவனம் பலகையைத் தேர்வதில் காட்டும் கவனத்துக்குக் குறையக் கூடாது. லேசான சரிவு பயிற்சிக்கு உதவும் என்பார்கள். எவ்வளவு லேசு? 20 மீட்டர் நீளத்தில் 1 மீட்டர் இறங்கும் சரிவு கண்ணுக்குச் சாதாரணமாகவே தெரியும். உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால் அதன் அடியில் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். இறக்கம் 2 மீட்டர் என்றால் 22.5 கிலோமீட்டர். உராய்வு கொஞ்சம் குறைக்கும், ஆனாலும் இந்தப் பலகைக்குப் பிரேக் கிடையாது. வீசித் திரும்பும் முன் டிரக் வேகம் கூடினால் தானாகவே உதறத் தொடங்கும். பாலத்து இறக்கத்தில் சர்ஃப்ஸ்கேட்டை எடுத்துக்கொண்டு போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். முதல் மூன்று மாதம் சமதளமே போதும்: பள்ளியின் பாஸ்கெட்பால் கோர்ட், அடுக்குமாடிக் குடியிருப்பின் காலி வண்டி நிறுத்தம், கைப்பிடிச் சுவர் நல்ல உயரத்தில் இருந்தால் பெரிய மொட்டை மாடி. தெரு வேண்டாம். விடியற்காலைத் தெருவிலும் பால் வண்டி வரும்.

விழுவதற்கும் ஒரு எண் உண்டு. 1.6 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பலகை நழுவிப் பின்னால் சாய்பவரின் தலை ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் சிமெண்டைச் சந்திக்கிறது, பலகை ஓடவே இல்லை என்றாலும். ஹெல்மெட்டில் ஈஎன் 1078 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1492 என்ற தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகளுக்கு ஈஎன் 14120. நான்கில் மணிக்கட்டுக் காப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விழும்போது கை தானாகவே தரையை நோக்கி நீளும், அதை யாரும் தடுக்க முடியாது.

விலைக்கு வருவோம். பெயர்பெற்ற நிறுவனங்களின் முழுப் பலகை அமெரிக்காவில் ஏறக்குறைய 250 முதல் 350 டாலர் வரை போகிறது. 300 டாலரை 88 ரூபாய் வீதம் மாற்றினால் 26,400 ரூபாய். சரக்குக் கூலியும் சுங்க வரியும் சேர்த்து விலையில் பாதி ஆகும் என்று வைத்துக்கொண்டால் 39,600. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை இங்கே பாதியளவு நிஜம். ஆகவே முதல் பலகையை நேரடியாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். உள்ளூரில் ஒருவர் பயன்படுத்திய நல்ல பலகை கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். பலகை, டிரக், சக்கரம், பேரிங் எல்லாம் தனித்தனியே மாற்றக்கூடியவை. தேய்வது சக்கரமும் பேரிங்கும் புஷிங்கும்தான். நல்ல டிரக் பல வருடம் உழைக்கும்.

கையில் 30,000 ரூபாய் இருந்தால் நான் பிரிப்பது இப்படி: பலகைக்கு 22,000, ஹெல்மெட்டுக்கு 2,500, காப்புகளுக்கு 3,000, மாற்றுப் பேரிங்குக்கும் சாவிக்கும் 1,000, சாக்பீஸ், குறிகளுக்கு 100. மீதி 1,400 ரைசருக்கும் புஷிங்குக்கும். 10,000தான் இருக்கிறது என்றால் ஹெல்மெட்டுக்கும் காப்புகளுக்குமான 5,500ஐக் குறைக்காமல், மிச்சமிருக்கும் 4,500இல் பழைய குரூசர் ஒன்றைத் தேடி வைத்துக்கொண்டு, அடாப்டருக்குச் சேமிக்கத் தொடங்குவேன்.

வாரம் மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம், மழைக்கு நான்கு வாரம் கழித்து வருடத்துக்கு 48 வாரம் என்றால் 4,320 நிமிடம். 30,000ஐ வகுத்தால் நிமிடத்துக்கு 6.94 ரூபாய். மூன்று வருடம் உழைத்தால் 2.31 ரூபாய். பத்து நாள் ஆடிவிட்டுப் பரணில் போட்டால் 300 நிமிடம், நிமிடத்துக்கு 100 ரூபாய். கடல் வகுப்புக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால், அந்த 60 நொடி நிற்றலின் விலை நிமிடத்துக்கு 1,500. ஆனால் இந்த இரண்டு நிமிடங்களும் ஒன்றல்ல. நீரைத் தள்ளி அலையைப் பிடிக்கும் தோள்வலுவைத் தரை தராது. படுத்த நிலையிலிருந்து துள்ளி எழுவதையும், எந்த அலையை விடுவது என்ற அறிவையும் தராது. ஆய்வில் பார்த்த அந்த 51 சதவீதத்துக்கும் 42 சதவீதத்துக்கும் சர்ஃப்ஸ்கேட்டில் பதிலே இல்லை. அலைமேல் ஓடும் 3.8 சதவீதத்தைத்தான் அது செப்பனிடுகிறது. கடலை விட்டுவிட்டுத் தரையிலேயே இருந்துவிட்டால் கணக்கு உதைக்கும்.

தரையும் கடலும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது. மாமல்லபுரத்தின் கமலி மூர்த்தி சிறுமியாக ஸ்கேட்போர்டில் ஏறியதைத்தான் 2019இல் வந்த ‘கமலி’ குறும்படம் உலகுக்குக் காட்டியது. பின்னர் அவர் தேசிய அலைச்சறுக்குப் போட்டிகளில் பட்டம் வென்றார். அதே மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அலை இங்கே இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். குறைவது பலகைமேல் நிற்கும் நிமிடங்கள்தான்.

என் தீர்ப்பு: 160 முதல் 170 செ.மீ. உயரமுள்ளவர், நம் ஊர்ச் சிமெண்டில், அலைப் பயிற்சிக்காக வாங்குவதென்றால் 17 அங்குல வீல்பேஸ், ஸ்பிரிங் டிரக், 70 மி.மீ. 78ஏ சக்கரம். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். துள்ளி நின்று உங்கள் காலை அளந்துவிட்டு, பலகையைக் கவிழ்த்துத் துளைக்குத் துளை அளந்துவிட்டு, அதற்குப் பிறகு விலையைக் கேளுங்கள்.